விழுப்புரத்தில் வாங்கிய தண்ணீர்

22 நாட்கள், 6 நாடுகள், இரண்டு பேர், ஒரு எவர்சில்வர் பாட்டில். ரோமில் இறங்கிய அன்று தெருக்குழாயில் பிடித்ததில் தொடங்கி, பாரிஸில் விமானம் ஏறும்வரை நானும் மகளும் குடிதண்ணீருக்கென்று ஒரு காசு செலவழிக்கவில்லை. திரும்பி வரும்போது சோழன் எக்ஸ்பிரஸ் விழுப்புரத்தில் நின்றது. பாட்டில் காலி. இறங்கிப் போய்ப் பிளாட்பாரக் கடையில் தண்ணீர் வாங்கிக்கொண்டு ஓடிவந்து ஏறினேன். மூன்று வாரத்தில் நான் காசு கொடுத்து வாங்கிய முதல் தண்ணீர் அதுதான்.

ஊருக்கு வந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் ஈஃபில் கோபுரம் எப்படி இருந்தது, கொலோசியம் எவ்வளவு பெரிது என்று கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான். அம்மா மட்டும் ஒன்றும் கேட்காமல், நான் கழற்றிப் போட்ட ஷூவை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். குதிகால் பக்கம் அடி தேய்ந்து வழவழவென்று இருந்தது. “இவ்ளோ தூரமா நடந்தே?” என்றாள். இந்தப் பயணத்தைப் பற்றி யாரும் கேட்டதிலேயே சரியான கேள்வி அது. கையில் காசு குறைவாக வைத்துக்கொண்டு ஐரோப்பா போகிறவர்கள் அதைக் காலால்தான் பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்கும்போது நடைபாதை, குழாய், பெஞ்சு, கழிப்பறை, டிராம் நிற்குமிடம் இவைதான் நகரமாகத் தெரிகின்றன. கோபுரங்கள் அதற்குப் பிறகு.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷம் கட்டிய ஏலச்சீட்டுப் பணத்தில் கிளம்பினோம். மகள் படிப்பை முடித்து வேலையில் சேர இரண்டு மாதம் இருந்தது. அந்த இடைவெளி அவளுக்கு இனி எளிதில் கிடைக்காது என்று தோன்றியது. ஷெங்கன் விசாவுக்கு ஆளுக்கு 90 யூரோ. 2024 ஜூன் வரை அது 80 யூரோவாக இருந்தது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அங்கே போனபின் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 யூரோ. படுக்கை, சாப்பாடு, ஊர் விட்டு ஊர் போகும் ரயில் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும் என்று கோடு கிழித்துக்கொண்டோம். வந்து கூட்டிப் பார்த்ததில் விமானம் உட்பட இருவருக்கும் 4 லட்சத்தை ஒட்டி ஆகியிருக்கிறது. இது சின்னத் தொகை என்று சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் ஒரு கல்யாண வரவேற்புக்கு ஆகிற செலவு.

பெட்டியில் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் இருந்தன. நெய் எடுத்துப் போகவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. எங்கள் கும்பகோணத்துச் சாரங்கபாணி சன்னதித் தெருவிலிருந்து போன கணித மேதை ராமானுஜனும் கேம்பிரிட்ஜில் தானே சமைத்துத்தான் சாப்பிட்டார். 1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பலேறியவர், 1919 மார்ச்சில்தான் இந்தியா திரும்பினார். ஹாஸ்டல் அடுப்படியில் சோறு வெந்துகொண்டிருந்தபோதெல்லாம் அவருடைய அந்த ஐந்து வருஷம் எனக்கு நினைவுக்கு வந்தது.

விரலால் அடைத்தால் வில்லாக எழும் தண்ணீர்

ரோமில் முதல் நாள் மதியம். தெருமுனையில் ஓர் ஆள் மார்பளவுக்கு வார்ப்பிரும்புத் தூண். அதிலிருந்து வளைந்த மூக்குபோல ஒரு குழாய். நிற்காமல் கொட்டும் தண்ணீர். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ‘நசோனே’, பெரிய மூக்கு. 1874ல் வைக்கத் தொடங்கியவை. இன்று நகரத்தில் ஏறக்குறைய 2,500 இருக்கின்றன. காவிரி வறண்ட கோடைகளைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, மூடப்படாத குழாயைக் கண்டால் கை தானாகத் திருகைத் தேடும். திருகே கிடையாது.

குனிந்து கையேந்திக் குடிக்கப்போன என்னை, காய்கறிப் பையோடு வந்த ஒரு பாட்டி தோளைத் தொட்டு நிறுத்தினார். குழாயின் வாயை ஆள்காட்டி விரலால் அடைத்துக் காட்டினார். மூக்கின் மேல்பக்கத்தில் ஒரு சின்னத் துளை இருக்கிறது. அதிலிருந்து தண்ணீர் வில்லாக வளைந்து வாய்க்கு நேரே எழும்பியது. குனியவேண்டாம், கையை நனைக்கவேண்டாம். பாட்டி இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனார். தூணில் எஸ்.பி.க்யூ.ஆர். என்று நான்கு எழுத்து. ரோமின் செனட்டும் மக்களும் என்பதன் சுருக்கம். பண்டைய ரோமின் முத்திரை. குழாய் யாருடையது என்பதைக் குழாயிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

அதே ஊரில் சான் லூயிஜி தெய் பிரான்சேசி என்ற தேவாலயத்துக்குள் நுழைந்தோம். கட்டணம் இல்லை. உள்ளே ஒரு பக்கச் சிற்றாலயத்தில் கரவாஜியோ 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில் வரைந்த மூன்று பெரிய ஓவியங்கள், புனித மத்தேயுவின் கதை. ஓவியம் இருட்டில் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு உண்டியல். நாணயம் போட்டால் விளக்கு எரியும், சற்று நேரத்தில் அணைந்துவிடும். நாங்கள் தயங்கி நின்றபோது ஒரு பையன் நாணயத்தைப் போட்டான். சட்டென்று மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த வரிவசூலிப்பவர்களின் முகங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. போட்டவன் ஒருவன், பார்த்தது நாற்பது பேர். விளக்கு அணைந்ததும் வேறொருவர் போட்டார். மூன்றாவது முறை நாங்கள் போட்டோம். எங்கள் முறை வந்தபோது பின்னால் கூட்டம் ஒன்றாக மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. அந்த நாணயத்தைப் போல நன்றாகச் செலவழித்த காசு இந்தப் பயணத்தில் வேறில்லை.

ரோமிலிருந்து வியன்னாவுக்கு இரவு ரயில். படுக்கைக்குக் காசில்லை, ஆறு பேர் உட்காரும் பெட்டியில் உட்கார்ந்தே போனோம். காலையில் கண் எரிய இறங்கியவர்களுக்கு அந்த ஊர் முதலில் கொடுத்ததும் தண்ணீர்தான். வியன்னாவின் குழாய்த் தண்ணீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் இயல்பிலேயே நகரத்தை வந்தடைகிறது. முதல் மலையூற்றுக் கால்வாய் 1873ல் திறக்கப்பட்டது; இரண்டாவது 1910ல். முதலாவதற்காக வாதாடியவர் எடுவார்ட் சூஸ் என்ற நிலவியலாளர். அழுக்குத் தண்ணீரால் காலராவும் டைபாய்டும் பரவிக்கொண்டிருந்த ஊரில் ஒரு விஞ்ஞானி நகரசபையில் உட்கார்ந்து மலைத் தண்ணீரைக் கேட்டு வாங்கியிருக்கிறார். குளியலறைக் குழாயில் வருவதே அந்தத் தண்ணீர்தான். ஹாஸ்டலில் பாட்டிலை அங்கேதான் நிரப்பினோம்.

வியன்னா அரசு ஆபரா அரங்கில் நின்று பார்க்கும் சீட்டு இருக்கிறது. ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக் காசுக்கு, நூற்றுக்கணக்கான யூரோ கொடுத்தவர்கள் உட்கார்ந்திருக்கும் அதே கூரையின் கீழ் நிற்கலாம். உள்ளே போனதும் எல்லோரும் தங்கள் ஸ்கார்ஃபைக் கம்பியில் முடிந்துவிட்டு வெளியே காற்று வாங்கப் போனார்கள். ஸ்கார்ஃப் கட்டிய இடம் அவருடையது, யாரும் தொடுவதில்லை. மகள் துப்பட்டாவைக் கட்டினாள். “நம்ம பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரியேம்மா” என்றாள். மூன்று மணி நேரம் கால் மாற்றி மாற்றி நின்றோம். சாஸ்திரிய சங்கீதம் பணக்காரர்களுக்கு மட்டும் ஆகிவிடக்கூடாது என்று யாரோ முடிவெடுத்து, அரங்கத்தின் நல்ல இடத்தில், மேடைக்கு நேர் எதிரில், நிற்பவர்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். திருவையாற்று ஆராதனையில் காவிரிக்கரையில் காசில்லாமல் கேட்டு வளர்ந்த எனக்கு அந்த முடிவின் அருமை தெரியும்.

அங்கே கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற குடியிருப்பையும் போய்ப் பார்த்தோம். 1930ல் திறந்தது, ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், தொழிலாளர்களுக்காக நகரசபை கட்டிய 1,300க்கும் அதிகமான வீடுகள். இன்றும் ஜன்னல்களில் துணி காய்கிறது. வியன்னாக்காரர்களில் பாதிப்பேர் ஏதோ ஒரு வகையில் நகரத்தின் உதவியோடு நிற்கும் வீடுகளில் வாழ்கிறார்கள். சுற்றுலா வழிகாட்டிகளில் கடைசிப் பக்கத்தில் கிடக்கும் இந்தக் கட்டடத்துக்கு நான் அரண்மனைக்கு முன்னால் இடம் கொடுப்பேன்.

பிராக் அழகான ஊர். அதைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. விடியற்காலை ஆறு மணிக்குச் சார்லஸ் பாலத்தில் நின்றது மட்டும் போதும். எட்டு மணிக்கு மேல் பாலம் தெரியாத அளவு கூட்டம்.

காலி பாட்டிலுக்கு 25 சென்ட்

குறைந்த காசில் ஊர் சுற்றுகிறவர்கள் தங்கும் இளைஞர் விடுதி என்ற ஏற்பாடே ஜெர்மனியில் பிறந்தது. 1909ல் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் பிள்ளைகளை நடைப்பயணம் கூட்டிப்போனபோது இடியும் மழையும் பிடித்துக்கொண்டது. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பி ராத்தங்கினார்கள். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளெல்லாம் பிள்ளைகள் தங்கும் இடமாகக் கூடாதா என்று அந்த ராத்திரி அவருக்குத் தோன்றியது. 1912ல் ஆல்டேனா என்ற ஊரின் கோட்டையில் முதல் நிரந்தர விடுதி வந்தது. நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, பெர்லினில் எட்டுப் பேர் அறையில் மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு நான் இதைப் படித்தேன். கீழ்க் கட்டிலில் ஒரு பெண் குறட்டை விட்டாள். வழிப்போக்கர்களுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று ஒரு வாத்தியாருக்குத் தோன்றியதால்தான் என்னைப் போன்றவள் அந்தக் கட்டில்வரை வர முடிந்தது.

விடுதி அடுப்படியில் ஒரு அலமாரித் தட்டு எல்லா ஊரிலும் இருந்தது. போகிறவர்கள் மீந்த உப்பு, எண்ணெய், அரைப் பாக்கெட் பாஸ்தா, வெங்காயத்தை அதில் வைத்துவிட்டுப் போவார்கள், வருகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். 22 நாளில் நாங்கள் உப்பு வாங்கவே இல்லை. பாரிஸை விட்டுக் கிளம்பிய அன்று மிச்சமிருந்த பருப்புப் பொடியை ஒரு காகிதத்தில் பெயர் எழுதி அந்தத் தட்டில் வைத்தோம்.

பெர்லினில் தண்ணீரோ சோடாவோ பிளாஸ்டிக் பாட்டிலில் வாங்கினால் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் பிடிக்கிறார்கள். காலிப் பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டால் காசு திரும்பும். இதனால் தெருவில் பாட்டில் கிடப்பதில்லை. இன்னொன்றையும் பார்த்தோம். பூங்காவில் குப்பைத்தொட்டிக்குள் கைவிட்டுப் பாட்டில் தேடும் முதியவர்கள். பலருக்குச் சட்டை சுத்தமாக, முகம் மழித்து இருந்தது. ஓய்வூதியம் போதாதவர்கள் என்று விடுதிப் பெண் சொன்னாள். அதைத் தெரிந்த ஊர்க்காரர்கள் காலிப் பாட்டிலைத் தொட்டிக்குள் போடாமல் தொட்டியின் காலடியில் நிறுத்திவைக்கிறார்கள், அவர்கள் கையை உள்ளே விடவேண்டியிருக்கக் கூடாது என்று. செழிப்பான நாட்டின் வறுமையையும் அதன் நடுவே மனிதர்கள் காட்டும் கூச்சம் கலந்த மரியாதையையும் அந்த ஒரு பாட்டிலில் பார்த்தேன். மகளும் ஜூஸ் பாட்டிலைக் கீழேதான் வைத்தாள்.

நடைபாதையில் இன்னொன்று காலைப் பிடித்து நிறுத்தும். கற்களுக்கு நடுவே உள்ளங்கையளவு, 10 சென்டிமீட்டர் சதுரப் பித்தளைத் தகடுகள். ‘இங்கே வாழ்ந்தார்’ என்று தொடங்கி, ஒரு பெயர், பிறந்த ஆண்டு, நாஜிகள் எந்த நாளில் பிடித்துப் போனார்கள், எங்கே கொன்றார்கள் என்பது வரை நான்கைந்து வரி. குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1992ல் தொடங்கிய வேலை. ஐரோப்பாவெங்கும் பதித்த தகடுகள் 2023ல் ஒரு லட்சத்தைத் தாண்டின. அவரவர் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டின் வாசலிலேயே பதிக்கிறார்கள். படிக்க வேண்டுமானால் தலை குனிய வேண்டும். ஒரு வாசலில் ஐந்து தகடுகள். அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளைக்கு நான்கு வயது. நடைபாதை நடப்பதற்கு மட்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

லக்சம்பர்க்கை வழியில் ஒரு நாள் பார்த்தோம். அந்த நாட்டில் 2020 பிப்ரவரி 29 முதல் பஸ், டிராம், ரயிலின் சாதாரண வகுப்பு எதற்கும் சீட்டு கிடையாது. உள்ளூர்க்காரருக்கும் எங்களைப் போல வந்தவருக்கும் ஒன்றுதான். டிராமில் ஏறி, உட்கார்ந்து, இறங்கிவிடலாம். மகள் இரண்டு முறை கைப்பையில் சீட்டைத் தேடினாள். எனக்குப் பழக்கம்தான். 2021 மே மாதத்திலிருந்து நம் ஊர் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; நானும் காசு கொடுக்காமல்தான் ஏறி இறங்குகிறேன்.

லா சப்பலில் ஒரு கேள்வி

பாரிஸில் கரும்பச்சை நிறத்தில் ஒரு குடிநீர்த் தூண் இருக்கிறது. நான்கு பெண்கள் கையை உயர்த்தி ஒரு சிறு கோபுரத்தைத் தாங்குகிறார்கள். நடுவே நூலாகத் தண்ணீர் இறங்குகிறது. 1870லிருந்து 71 வரை பிரஷியப் படை நகரத்தை முற்றுகையிட்டபோது தண்ணீர் வரும் வழிகள் சேதமாகி, ஏழைகளுக்குத் தண்ணீர் எட்டாத பொருளாயிற்று. பாரிஸில் வாழ்ந்த ஆங்கிலேயச் செல்வர் ரிச்சர்ட் வாலஸ், தன் காசில் 1872ல் இந்தத் தூண்களை நிறுவத் தொடங்கினார். குடிக்க வசதியாக ஆதியில் சங்கிலியில் கட்டிய தகரக் குவளைகள் தொங்கின. சுகாதாரம் கருதி 1952ல் எடுத்துவிட்டார்கள். சங்கிலியில் கட்டிய குவளை என்று படித்ததும் எனக்குச் சித்திரை வெயிலும் தண்ணீர்ப் பந்தலும் மண்பானையும் கண்ணில் வந்து நின்றன.

அந்த முற்றுகைக்குக் காரணமான போரில் முடியிழந்தவர் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன். அவருடைய ஆட்சியில் கட்டியதுதான் புதுச்சேரி பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் வெள்ளை ஆயி மண்டபம். முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்ததன் நினைவாக எழுந்தது அது. தன் மாளிகையை இடித்துவிட்டு அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டிக் கொடுத்தாள் என்று கதை சொல்லும் ஆயி என்ற தாசியின் பெயர்தான் அதற்கு. பாரிஸ் தெருவில் அந்தத் தூணின் முன்னால் நின்றபோது, தண்ணீர் கொடுத்தவரை மறக்காத இரண்டு ஊர்களுக்கு நடுவே இப்படி ஒரு தொடர்பு இருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

மாலையில் லா சப்பல். ரயில்நிலையத்தை விட்டு இறங்கினால் தமிழ்ப் பெயர்ப்பலகைகள், முருங்கைக்காய், மல்லிகைச் சரம், கொத்துரொட்டி தட்டும் சத்தம். ஈழத்திலிருந்து போரின் காலத்தில் வந்தவர்கள் உண்டாக்கிய கடைத்தெரு. சாப்பாட்டுக் கடையில் பரிமாறிய அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும். “இந்தியாவிலிருந்தோ வந்தனீங்கள்? எப்ப திரும்பிப் போறியள்?” என்று கேட்டார். நாளை மறுநாள் என்றேன். “வீட்டுக்கோ?” வீட்டுக்குத்தான் என்றேன். சாம்பாரை இன்னொரு கரண்டி ஊற்றினார். “நான் வந்து முப்பத்தாறு வருசம். வீடு இருந்த இடத்தில இப்ப வீடு இல்லை, தங்கச்சி.” அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 55 யூரோவுக்குள் ஒரு நாளை ஓட்டுவதைச் சாதனையாகச் சொல்லிக்கொண்டு வந்தவள் நான். என் பையில் திரும்பிப் போகும் சீட்டு இருந்தது. அந்தச் சீட்டைவிட விலை உயர்ந்த பொருள் எங்களிடம் வேறெதுவும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த வாரக் கடைசியில் ஐரோப்பா கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளியது. அக்டோபர் கடைசி ஞாயிறு விடியற்காலை மூன்று மணி மீண்டும் இரண்டாகும். நமக்கும் பாரிஸுக்கும் இருந்த மூன்றரை மணி நேரம் ஒரே இரவில் நாலரையானது. “இன்னிக்கு ஏன் நேரங்கழிச்சுக் கூப்பிடறே?” என்று அம்மா போனில் கேட்டாள். வீடு இன்னும் கொஞ்சம் தூரமாகிவிட்டது போல இருந்தது.

அங்கே எல்லாம் பொன் என்று எழுதினால் அது பொய். ஜெர்மன் ரயில்நிலையங்களில் கழிப்பறைக்கு ஒரு யூரோ வரை கேட்கிறார்கள். பாரிஸ் தெருக் கழிப்பறைகள் 2006 முதல் இலவசம், ஆனால் வரிசை நீளம். ரோமின் ஸ்பானியப் படிகளில் 2019 முதல் உட்காரத் தடை. வெனிசில் பகலில் வந்து போகிறவர்களிடம் 2024ல் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். பாலங்களுக்கு அடியில் கூடாரம் போட்டுப் படுப்பவர்களைப் பார்த்தோம். பொதுவில் திறந்து கிடப்பதை மூட நினைக்கிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். ஆனால் 150 வருஷத்துக்கு முன்னால் வைத்த குழாயை இன்றும் ஓடவைப்பதற்கு, அந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொரு தலைமுறையும் கேட்டிருக்க வேண்டும். காசு ஒதுக்கியிருக்க வேண்டும்.

ஐப்பசி மழையில் ஊர்

விடிவதற்கு முன்னால் மீனம்பாக்கத்தில் இறங்கினோம். பையை இழுத்துக்கொண்டு சுரங்கப்பாதை வழியாகத் திரிசூலம் ஸ்டேஷன், அங்கிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில், பிறகு சோழன். விமான நிலையத்திலிருந்து நடந்தே எட்டும் ரயில்நிலையம், சில்லறைக் காசில் பயணம். நாங்கள் பார்த்த பல ஊர்களில் இவ்வளவு மலிவில்லை. முன்பதிவில்லாப் பெட்டியில் இடமும் கிடைத்தது. எதிரில் இருந்த அம்மா, கேட்காமலே மகளுக்கு அவித்த வேர்க்கடலை கொடுத்தார். சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில் ரயில் மெதுவாகப் போனது. கரை தொட்டுத் தண்ணீர். இரு பக்கமும் சம்பா நடவு முடிந்த வயல்கள் மழையில் நின்றன. மகள் ஜன்னலை விட்டு நகரவில்லை. “இதுக்கு யாரும் டிக்கெட் போடலையேம்மா” என்றாள்.

கும்பகோணத்தில் இறங்கி டவுன் பஸ். கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அதுவரை நன்றாக இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலிருந்து எங்கள் தெருவுக்கு எட்டு நிமிஷம்தான். நடைபாதை என்று ஒன்று இருக்கிறது. அதன்மேல் பைக்குகள், விளம்பரத் தட்டி, யாரோ இறக்கிய ஜல்லி. தண்ணீர் தேங்கிய ரோட்டின் ஓரத்தில், பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே, பையைத் தலையில் தூக்கிக்கொண்டு போனோம். ஆறு நாடுகளில் வராத பயம் அந்த எட்டு நிமிஷத்தில் வந்தது. எங்களுக்கு முன்னால் ஊன்றுகோலோடு ஒரு தாத்தா போய்க்கொண்டிருந்தார். அவர் தினமும் இப்படித்தான் போகிறார்.

யாரைக் குறை சொல்வது? அந்த பைக்குகளில் ஒன்று எங்கள் வீட்டு பைக்காகவும் இருந்திருக்கிறது. ஆனால் வழிப்போக்கரை நினைத்தது நம் ஊரைப் போல எந்த ஊர்? ராணி மங்கம்மாள் சாலை போட்டுச் சத்திரம் கட்டினார். மதுரை ரயில்நிலையத்துக்கு எதிரே இன்றும் அவர் பெயரில் சத்திரம் நிற்கிறது. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தாம்பாள் சத்திரத்தில் சாப்பாட்டோடு படிப்பும் கொடுத்தார்கள். பிரசவத்தில் இறந்த கர்ப்பிணியின் நினைவாக, தலைச்சுமைக்காரர் இறக்கிவைத்து இளைப்பாறச் சுமைதாங்கிக் கல் நட்டவர்கள் நம் பாட்டிகள். மகாமகக் குளத்தைச் சுற்றி 16 மண்டபம் எழுப்பினார் கோவிந்த தீட்சிதர். 2013ல் ஒரு ரூபாய்க்கு இட்லி போட்ட அரசு உணவகமும் அந்த வழியில் வந்ததுதான். கொடுக்கத் தெரியாத ஊர் இல்லை இது. நடுவில் எங்கோ, வீட்டுக்கு உள்ளே இருப்பது மட்டும் நம்முடையது, வாசலுக்கு வெளியே இருப்பது யாருடையதோ என்று ஆகிவிட்டது.

அடுத்த மகாமகம் 2028ல் வருகிறது. லட்சக்கணக்கானவர்கள் நடந்து வருவார்கள். அதற்குள் தெருமுனைக்கு ஒரு குடிநீர்க் குழாய், நூறடிக்கு ஒரு கல் பெஞ்சு, சக்கர நாற்காலி போகிற அகலத்தில் இடையூறில்லாத நடைபாதை: இந்த மூன்றையும் எங்கள் வார்டில் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். இதுவரை 41 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் வார்டிலும் கேளுங்கள். கேட்கும் முன் உங்கள் வண்டியை நடைபாதையிலிருந்து இறக்கிவிடுங்கள். நாங்கள் இறக்கிவிட்டோம்.

எங்கள் வீட்டுக்குத் திண்ணை இருக்கிறது. 1994ல் சைக்கிள் திருடு போனதும் அப்பா தெருப்பக்கம் கம்பி அடித்துப் பூட்டினார். அதிலிருந்து திண்ணையில் பழைய பேப்பரும் உடைந்த நாற்காலியும்தான் உட்கார்ந்திருந்தன. போன ஞாயிற்றுக்கிழமை வெல்டிங்காரரைக் கூப்பிட்டுக் கம்பியை அறுத்தெடுத்தோம். அம்மா திண்ணையைக் கழுவிக் கோலம் போட்டாள். மூலையில் ஒரு மண்பானை, மூடி, மேலே ஒரு எவர்சில்வர் டம்ளர்.

திங்கட்கிழமை காலை முதலில் வந்தவர் கீரைக்காரம்மா. இருபது வருஷமாக எங்கள் வாசலில் நின்றபடியே கீரை கொடுத்தவர். கூடையைத் திண்ணையில் இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தார். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்.